குடியேற்ற வழக்கறிஞர்: படிப்பு, தொழில், பின்னணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியேற்ற வழக்குகளைக் கையாளும் சட்ட அலுவலகத்தில் பணிபுரிவதால், இத்தொழிலைப் பற்றிய ஒரே வகையான சந்தேகங்களை இரண்டு தரப்பினரிடமிருந்தும் தொடர்ந்து கேட்டு வருகிறேன். ஒரு தரப்பினர் இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும். மற்றொரு தரப்பினர், தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ இப்படியொரு வழக்கறிஞர் தேவைப்பட்டு, யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்பவர்கள். இவர் என்ன படித்தவர், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், இவரால் எது முடியும், எது முடியாது என்பதையே இரு தரப்பினரும் அறிய விரும்புகிறார்கள். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன். இங்கே உள்ளது பொதுவான விளக்கம் மட்டுமே. தனிப்பட்ட வழக்குக்கான ஆலோசனையாக இதை யாரும் கொள்ள வேண்டாம்.

குடியேற்ற வழக்கறிஞர் என்றால் விசா வாங்கித் தருபவர்தானே?

விசா தருவதும் மறுப்பதும் அரசு அதிகாரியின் கையில் உள்ளது. எந்த வழக்கறிஞரிடமும் அந்த அதிகாரம் இல்லை. ஒருவருடைய வாழ்க்கையின் உண்மைகளைக் கேட்டறிந்து, அவை அந்த நாட்டுச் சட்டத்தின் எந்தப் பிரிவுக்குள் அடங்கும், எதற்குள் அடங்காது என்று கண்டு சொல்வதும், அடங்கும் என்றால் அதை ஆதாரங்களுடன் அதிகாரியின் முன்னோ நீதிமன்றத்தின் முன்னோ வைப்பதும்தான் வழக்கறிஞரின் வேலை.

விசா அவ்வேலையின் ஒரு பகுதி மட்டுமே. நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை, தஞ்சக் கோரிக்கை, நாடுகடத்தல் உத்தரவை எதிர்த்தல், தடுப்புக் காவலில் இருப்பவருக்குப் பிணை கோருதல், நிராகரிப்பின் மீது மேல்முறையீடு செய்தல் ஆகியவையும் இதில் அடங்கும். விண்ணப்பம் சுமுகமாகப் போகும்வரை பலருக்கு வழக்கறிஞரின் தேவையே தெரிவதில்லை. நிராகரிப்பு, நாடுகடத்தல், தடுப்புக் காவல் என்று சிக்கல் வரும்போதுதான் அவருடைய படிப்பின் அருமை வெளிப்படுகிறது.

ஏஜென்ட், ஆலோசகர், வழக்கறிஞர் எல்லோரும் ஒரே வேலையைத்தானே செய்கிறார்கள்?

படிவம் நிரப்புவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் யார் சட்ட ஆலோசனை சொல்லலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. பிரிட்டனில், 1999-ஆம் ஆண்டின் குடியேற்ற, தஞ்சச் சட்டப்படி, வழக்கறிஞராகவோ அதற்கென நியமிக்கப்பட்ட ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவராகவோ இல்லாத ஒருவர் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாக வழங்குவது குற்றம். அந்த அமைப்பு 2025 ஜனவரி முதல் குடியேற்ற ஆலோசனை ஆணையம் என்ற பெயரில் இயங்குகிறது. கனடாவில் வழக்கறிஞர்களைத் தவிர, 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர்களும் கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கலாம். இந்தக் கல்லூரி பாடம் நடத்தும் நிறுவனம் அன்று. ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற முகவர்கள் என்ற தனி வகையினர் உண்டு. முழுமையான வழக்கறிஞர் உரிமம் உடையவர்கள் 2021 மார்ச் முதல் அந்தப் பதிவு இல்லாமலேயே இப்பணியைச் செய்யலாம்.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே குடியேற்ற ஆலோசகர் என்று மத்திய அரசு வழங்கும் உரிமம் எதுவும் இல்லை. வழக்கறிஞரும், அரசின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களில் பணிபுரியும் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியும்தான் பொதுவாக ஒருவருக்காக முன்னிற்க முடியும். நோட்டரி என்று பலகை வைத்திருப்பவருக்கு அங்கே கையெழுத்தைச் சான்றளிக்கும் அதிகாரம் உண்டே தவிர, சட்டம் சொல்லும் அதிகாரம் கிடையாது. அவர்களை நம்பி விண்ணப்பித்து, திருத்த முடியாத சிக்கலில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பல.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவு ஆள் சேர்ப்பதற்கானது. சட்ட ஆலோசனை சொல்லும் தகுதியை அது யாருக்கும் தருவதில்லை.

இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு உண்டா? என்ன படிக்க வேண்டும்?

பெரும்பாலான நாடுகளில் முதலில் பொதுவான சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகே ஒருவர் இத்துறைக்குள் வருகிறார். இந்தியாவில் பள்ளிப் படிப்புக்குப் பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்போ, ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்போ முடித்து, 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பும் மாநில பார் தேர்வும் வழக்கமான பாதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் என்னும் வகை வழக்கறிஞர் ஆவதற்கு 2021 செப்டம்பரில் புதிய தகுதித் தேர்வு முறை தொடங்கியது. அதனுடன் இரண்டாண்டுப் பணி அனுபவமும் தேவை.

சட்டக் கல்லூரிகளில் குடியேற்றச் சட்டம் பெரும்பாலும் விருப்பப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமானவை வேறு இரண்டு பாடங்கள் என்பது என் கருத்து. ஒன்று நிர்வாகச் சட்டம்: அதிகாரியின் முடிவை எந்த அடிப்படையில் கேள்வி கேட்கலாம் என்பதை அது கற்றுத் தருகிறது. மற்றொன்று சாட்சியச் சட்டம். சட்ட உதவி மையங்களில் பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களே உண்மையான வழக்குகளைக் கையாளும் வாய்ப்பு கிடைத்தால், அதைத் தவறவிடக் கூடாது.

இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ குடியேற்ற வழக்கறிஞர் ஆக முடியுமா?

முடியும், ஆனால் அந்த நாட்டின் உரிமத்தைத் தனியே பெற வேண்டும். நியூயார்க் மாநிலம், ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் போதிய காலம் முறையாகச் சட்டம் படித்தவர்களை, ஆவணங்களைப் பரிசீலித்த பின் பார் தேர்வு எழுத அனுமதிக்கிறது. படிப்பில் குறை இருந்தால், அங்கே எல்.எல்.எம். என்னும் முதுநிலைச் சட்டப் படிப்பைப் படித்து அதை ஈடு செய்யும் வழியும் உண்டு. கலிபோர்னியாவில், வேறு நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு பெற்று நல்ல நிலையில் உள்ளவர்கள் மேற்கொண்டு சட்டம் படிக்காமலேயே தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். கனடாவில் வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களை மதிப்பிடும் தேசியக் குழு ஒன்று, எந்தெந்தத் தேர்வுகளை எழுத வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிர்ணயிக்கிறது. இங்கிலாந்தில் மேலே சொன்ன தகுதித் தேர்வை வெளிநாட்டு வழக்கறிஞர்களும் எழுதலாம்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை இத்துறைக்கு ஒரு தனி வசதி உண்டு. குடியேற்றச் சட்டம் அங்கே மத்திய அரசின் சட்டம் என்பதால், ஏதேனும் ஒரு மாநிலத்தின் பார் உரிமம் இருந்தால் நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியேற்ற வழக்குகளை நடத்தலாம். நியூயார்க் உரிமம் பெற்றவர் டெக்சாஸில் அலுவலகம் வைத்து இவ்வழக்குகளை மட்டும் பார்ப்பது அங்கே இயல்பான ஒன்று. டெக்சாஸ் மாநிலச் சட்டம் தொடர்பான வழக்குகளை அவர் அங்கே நடத்தக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

ஆங்கிலம் மட்டும் போதுமா? வேறு மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

உரிமம் பெற வேறு மொழி தேவையில்லை. வேலையை நன்றாகச் செய்வதற்கு அது பெரிதும் உதவும். தஞ்சக் கோரிக்கையில் ஒருவர் சொல்லும் தேதி, உறவுமுறை, ஊர்ப் பெயர் ஆகியவற்றில் சிறு முரண் வந்தாலும், அவருடைய நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும். சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழிக்கு வாக்குமூலம் மாற்றப்படும்போது, குடும்ப விவரம் குழம்பிவிடும். கட்சிக்காரரின் மொழி அறிந்த வழக்கறிஞர் அதை அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். ஆனாலும் விசாரணையில் அவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்துவிட முடியாது. அதற்குத் தனி நபர் வேண்டும்.

இத்துறைக்கு வருபவர்கள் எல்லோரும் குடியேறியவர்களின் பிள்ளைகள்தானா? அந்தப் பின்னணி இல்லாவிட்டால் சிரமமா?

அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அதற்குக் காரணமும் புரிகிறது. சிறு வயதில் பெற்றோருக்காக அரசுக் கடிதங்களைப் படித்துச் சொன்ன பிள்ளைக்கு இந்த வேலையின் பொருள் யாரும் விளக்காமலேயே தெரியும். ஆனால் இத்துறையின் வரலாறு இரு வகையினரையும் காட்டுகிறது.

1914 மே 23 அன்று கோமகாட்டா மாரு கப்பல் 376 பயணிகளுடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பயணிகளில் பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர்கள். பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வந்திருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி அவர்களைக் கரையிறங்க விடாமல் கனடிய அரசு தடுத்தபோது, கரையில் இருந்த இந்தியச் சமூகத்தினர் அமர்த்திய வழக்கறிஞர் ஜே. எட்வர்ட் பேர்ட். அவர் குடியேறியவர்களின் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லர். கப்பலில் இருந்த தம் கட்சிக்காரர்களைச் சந்திக்கவே அதிகாரிகள் அவருக்குத் தடை போட்டார்கள். முன்ஷி சிங் என்ற ஒரு பயணியின் வழக்கை மாதிரி வழக்காகக் கொண்டு அவர் வாதாடினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ஜூலை 23 அன்று கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. அதற்காகக் கனடிய நாடாளுமன்றத்தில் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016-இல்.

மற்றொருவர் சகாராம் கணேஷ் பண்டிட். இந்தியாவிலிருந்து சென்று 1914-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பின்னர் கலிபோர்னியாவில் வழக்கறிஞரானவர். பகத் சிங் திண்ட் என்ற இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியானவரா என்ற வழக்கில் அவர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். இந்தியர்கள் அக்காலச் சட்டம் சொன்ன வெள்ளையர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 1923-இல் தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பைக் கொண்டு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்து அதைப் பறிக்க அரசு முற்பட்டபோது, பண்டிட்டின் மீதும் வழக்கு வந்தது. அந்தக் குடியுரிமையை நம்பியே தம் தொழிலையும் வாழ்க்கையையும் அமைத்துக்கொண்டதாக அவர் வாதிட்டார். 1926-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். கட்சிக்காரருக்கு வந்த ஆபத்தும் வழக்கறிஞருக்கு வந்த ஆபத்தும் ஒன்றாகவே இருந்த வழக்குகள் இவை.

ஆகவே பின்னணி இல்லாதது தடையாகாது. பிறர் வாழ்க்கையைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கம் இல்லாவிட்டால்தான் இத்தொழில் சிரமம்.

தினமும் நீதிமன்றத்தில் வாதாடுவார்களா?

பெரும்பாலோர் வாதாடுவதைவிட அதிகம் எழுதுகிறார்கள். வாக்குமூலங்களைத் தயாரித்தல், பிறப்புச் சான்றிதழிலிருந்து வருமான வரி ஆவணம்வரை சரிபார்த்தல், கட்சிக்காரரின் நாட்டில் நிலவும் சூழலைப் பற்றிய அறிக்கைகளைத் திரட்டுதல், அதிகாரி கேட்கும் கூடுதல் ஆதாரங்களுக்குப் பதில் எழுதுதல் ஆகியவற்றிலேயே நாளின் பெரும்பகுதி போகும். நிறுவனங்களுக்கான வேலை விசாக்களை மட்டும் பார்க்கும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறாமலேயே இருக்கலாம். நாடுகடத்தல் வழக்குகளைப் பார்ப்பவரோ வாரத்தில் பல நாள் விசாரணையில் இருப்பார்.

எந்த வகையாக இருந்தாலும் கெடு தேதிதான் இத்தொழிலை ஆள்கிறது. அமெரிக்காவில் தஞ்சம் கோருபவர், குறிப்பிட்ட விதிவிலக்குகள் பொருந்தினாலன்றி, நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனுக்குள் இருந்துகொண்டு மேல்முறையீடு செய்பவருக்குப் பொதுவாக 14 நாட்களே அவகாசம். எத்தனை வலுவான வழக்கானாலும் தேதி தவறினால், முதலில் அந்தத் தாமதத்துக்கான போராட்டத்தையே நடத்த வேண்டியிருக்கும்.

எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் நல்ல வருமானம்?

தொகை எதையும் இங்கே எழுத விரும்பவில்லை. நாடு, அனுபவம், பிரிவு ஆகியவற்றைப் பொறுத்து அது பெரிதும் மாறும். பொதுவாக, பெருநிறுவனங்களின் ஊழியர்களுக்கு விசா ஏற்பாடு செய்யும் பிரிவில் வருமானம் அதிகம். தஞ்சம், தடுப்புக் காவல் வழக்குகளில் குறைவு. பல விண்ணப்பங்களுக்கு மொத்தத் தொகையாகவும், சிக்கலான வழக்குகளுக்கு மணிக்கணக்கிலும் கட்டணம் பெறுவது வழக்கம்.

தஞ்ச வழக்குகளில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் அரசுச் சட்ட உதவி தஞ்ச வழக்குகளுக்குத் தொடர்கிறது. 2012-ஆம் ஆண்டின் சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, குடும்பம் சார்ந்த குடியேற்ற வழக்குகளில் பெரும்பாலானவை அந்த உதவியிலிருந்து நீக்கப்பட்டன. அமெரிக்காவில் நாடுகடத்தல் விசாரணையை எதிர்கொள்பவருக்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் அரசின் செலவில் அல்ல என்று சட்டமே சொல்கிறது. அதனால் சட்டம் அறியாதவர்கள், சில வேளைகளில் குழந்தைகள்கூட, பயிற்சி பெற்ற அரசு வழக்கறிஞருக்கு எதிரே துணையின்றி நிற்கிறார்கள். இந்த நிலையை அநீதி என்றே நான் கருதுகிறேன். தொண்டு நிறுவனங்களில் குறைந்த ஊதியத்துக்குப் பணியாற்றும் வழக்கறிஞர்கள் இந்த இடைவெளியைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அனுபவம் வந்த பிறகு நீதிபதி ஆக முடியுமா?

முடியும். அமெரிக்கக் குடியேற்ற நீதிபதிகள் நீதித்துறைக் கிளையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலால் நியமிக்கப்பட்டு, அவருடைய துறைக்குள் பணியாற்றுபவர்கள். பிரிட்டனில் இவ்வழக்குகளைத் தீர்ப்பாயங்கள் விசாரிக்கின்றன. அரசுத் தரப்பு வழக்கறிஞர், பேராசிரியர், பன்னாட்டு அமைப்புகளின் சட்ட அலுவலர் ஆகிய பணிகளுக்கும் இந்த அனுபவம் வழி திறக்கும்.

"நூறு சதவீதம் வெற்றி" என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?

நம்பக் கூடாது. முதல் கேள்வியில் கூறியபடி முடிவு அதிகாரியின் கையில் இருக்கும்போது, அதற்கு வழக்கறிஞர் எப்படி உத்தரவாதம் தர முடியும்? முடிவைப் பற்றி உறுதிமொழி அளிப்பதையோ, மக்களைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்தையோ வழக்கறிஞர்களின் நடத்தை விதிகள் பல நாடுகளில் தடை செய்கின்றன. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேடுவதையே பொதுவாகத் தடுக்கிறது.

வெற்றி விகிதம் மிக உயர்வாக இருப்பதற்கு எளிய வழக்குகளை மட்டும் ஏற்றுக்கொள்வதும் காரணமாக இருக்கலாம். கடினமான தஞ்ச வழக்குகளை ஏற்பவர் பல வழக்குகளில் தோற்பார். முதல் சந்திப்பிலேயே உங்கள் வழக்கின் பலவீனத்தை எடுத்துச் சொல்பவரை, இனிமையாகப் பேசுபவரைவிட அதிகம் நம்பலாம்.

ஒருவர் உண்மையான வழக்கறிஞர்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

ஏஜென்ட் பற்றிய பதிலில் குறிப்பிட்ட ஒழுங்குமுறை அமைப்புகள் ஒவ்வொன்றும் பதிவேட்டை இணையத்தில் வெளியிடுகின்றன. பெயரைத் தேடினால் உரிமம் நடப்பில் உள்ளதா என்று தெரியும். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரா என்பதையும் பல பதிவேடுகள் காட்டும். அமெரிக்காவில் மாநில பார் பதிவேட்டுடன், குடியேற்ற நீதிமன்றங்களை நிர்வகிக்கும் அலுவலகம் வெளியிடும் ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா, வட கரோலினா போன்ற சில மாநிலங்கள் தேர்வும் அனுபவமும் கொண்ட வழக்கறிஞர்களுக்குக் குடியேற்றச் சட்ட நிபுணர் என்ற சான்றிதழ் வழங்குகின்றன. அது இல்லாதவர் திறமையற்றவர் என்று பொருளில்லை.

பதிவேட்டைப் பார்த்தபின் நேரில் கேட்க வேண்டியவையும் உண்டு: என் வழக்கை நடத்தப்போவது நீங்களா, உங்கள் உதவியாளரா? கட்டண ஒப்பந்தம் எழுத்தில் கிடைக்குமா? தாக்கல் செய்யும் ஒவ்வொரு ஆவணத்தின் நகலும் எனக்கு வருமா? விண்ணப்பத்தைத் தயாரித்தவர் என்ற இடத்தில் தம் பெயரை எழுத மறுப்பவரிடம் வழக்கை ஒப்படைக்கக் கூடாது.

சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, கணினியும் படிவத்தை நிரப்பிவிடுகிறது. இந்தத் தொழில் நிலைக்குமா?

சட்டம் மாறுவதால்தான் படித்தவர் தேவைப்படுகிறார். இந்தியாவில் 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களுக்கு மாற்றாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-இல், ஐயமான சட்டப் பிரிவுக்கு அரசுத் துறை தரும் விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற நாற்பதாண்டு பழைய நெறியைக் கைவிட்டது. குடியேற்றத் துறை தரும் விளக்கங்களை எதிர்த்து வாதாட அது புதிய வழியைத் திறந்திருக்கிறது. இத்தகைய மாற்றங்களைத் தொடர்ந்து படிக்காத வழக்கறிஞர் சில ஆண்டுகளிலேயே பயனற்றவராகிவிடுவார்.

கணினி படிவத்தை நிரப்பும். அந்தப் படிவம் இவருக்குப் பொருந்துமா என்ற முடிவுக்கு யாரும் அதைப் பொறுப்பாக்க முடியாது. 2023-இல், செயற்கை நுண்ணறிவு கற்பனையாக உருவாக்கித் தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டியதற்காக நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அது விமானப் பயணி ஒருவரின் இழப்பீட்டு வழக்கு. தஞ்ச வழக்கில் அப்படி நேர்ந்தால், இழப்பு கட்சிக்காரரின் உயிரோடு தொடர்புடையது.

இப்படிப்பட்ட துயரங்களைத் தினமும் கேட்டால் மனம் பாதிக்காதா?

பாதிக்கும். சித்திரவதை, பாலியல் வன்முறை, பிள்ளையைப் பிரிந்த துயரம் ஆகியவற்றை விவரமாகக் கேட்டு, முன்னுக்குப் பின் முரணில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. கேட்பவருக்கும் தூக்கமின்மை, மனச் சோர்வு, உணர்வு மரத்துப்போதல் ஆகியவை ஏற்படுவது நன்கு அறியப்பட்ட ஒன்று. வழக்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது, மூத்தவர்களுடன் பேசுவது, தேவைப்பட்டால் மனநல உதவி பெறுவது ஆகியவற்றைத் தொழிலின் பகுதியாகவே இளம் வழக்கறிஞர்கள் கருத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். களைத்துப்போன வழக்கறிஞர் கெடு தேதியைத் தவறவிடுவார். அதன் விளைவை அனுபவிப்பவர் கட்சிக்காரர்.

கொஞ்சம் மாற்றிச் சொன்னால் வழக்கு வலுவாகும் என்றால், வழக்கறிஞர் உதவ மாட்டாரா?

உதவக் கூடாது, உதவினால் அவருடைய உரிமமே போகலாம். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது அவருடைய கடமை; அதே அளவுக்கு, பொய் என்று தெரிந்ததை நீதிமன்றத்தின் முன் வைக்காமல் இருப்பதும் கடமை. கட்சிக்காரர் பொய்யில் பிடிவாதமாக இருந்தால், வழக்கறிஞர் வழக்கிலிருந்து விலகிக்கொள்வார்.

பொய்க்கான தண்டனை பெரும்பாலும் மூல வழக்கின் தோல்வியைவிடக் கடுமையானது. கனடாவில் தவறான தகவல் தந்தவர் ஐந்தாண்டுகளுக்கு உள்ளே வர இயலாதவராகலாம். பிரிட்டனில் ஏமாற்று நோக்குடன் விண்ணப்பித்தவருக்குப் பத்தாண்டுத் தடை உண்டு. அமெரிக்காவில் விலக்கு பெற்றாலன்றி அது வாழ்நாள் முழுவதும் தொடரும். ஏஜென்ட் தந்த போலிச் சான்றிதழ் என்று பின்னர் சொல்வது அரிதாகவே எடுபடும், ஏனென்றால் விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. ஏற்கெனவே ஒரு தவறான தகவல் போய்விட்டிருந்தால், அதை வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்த பலவீனத்தை அவரால் எதிர்கொள்ள முடியும். விசாரணையின் நடுவே அவரே முதல்முறையாகக் கேட்கும் செய்திக்கு அவரிடம் பதில் இருக்காது.

என் விசாவுக்குக் கம்பெனிதான் வழக்கறிஞரை வைத்திருக்கிறது. அவர் யார் பக்கம்?

பலரும் கேட்கத் தயங்கும், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது. எச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவுக்கு மனு செய்பவர் நிறுவனம். பயன் பெறுபவர் ஊழியர். வழக்கறிஞர் நிறுவனத்தை மட்டுமே பிரதிநிதித்துவம் செய்யலாம், அல்லது இருவரையும் சேர்த்துச் செய்யலாம். இரண்டாவது நிலையில், ஒருவர் சொன்னதை மற்றவரிடமிருந்து பொதுவாக மறைக்க முடியாது. அதனால், வேலை மாற நினைக்கிறேன் என்று அவரிடம் சொல்வதற்கு முன், நான் உங்கள் கட்சிக்காரரா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நலன்கள் முரண்படும் நேரங்கள் மூன்று: வேலை நீக்கம், வேலை மாற்றம், ஊதியத் தகராறு. அப்போது சொந்தச் செலவில் வேறொரு வழக்கறிஞரிடம் ஒருமுறையாவது ஆலோசனை பெறுவது நல்லது. கிரீன் கார்டுக்கான (அமெரிக்க நிரந்தர வசிப்புரிமைக்கான) தொழிலாளர் சான்றிதழ் கட்டத்தில், அதாவது அந்த வேலைக்குத் தகுதியான உள்நாட்டவர் கிடைக்கவில்லை என்று அரசிடம் சான்று பெறும் கட்டத்தில், நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது விதி. அந்தச் செலவை உங்கள் ஊதியத்திலிருந்து பிடிக்க யாராவது முயன்றால், இதைச் சுட்டிக்காட்டலாம்.

சிறு குற்ற வழக்குதான், ஒப்புக்கொண்டால் உடனே முடிந்துவிடும் என்கிறார்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும், ஒப்புக்கொள்வதற்கு முன்பே. நாடுகடத்தல் என்பது தண்டனை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-இலேயே கூறியது. குற்ற வழக்கில் கிடைக்கும் பாதுகாப்புகள் பல அங்கே கிடைக்காமல் போனதற்கு அந்தக் கருத்தே வேர். ஆனால் அனுபவிப்பவருக்கு அது சிறைத் தண்டனையைவிடக் கொடியதாக இருக்கலாம்.

ஹோசே பாடில்லா நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமையுடன் வாழ்ந்தவர். வியட்நாம் போரில் அந்நாட்டுப் படையில் பணியாற்றியவர். இத்தனை காலம் இங்கே இருப்பதால் கவலைப்பட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பி, கஞ்சா கடத்தியதாக வந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார்; அதனால் நாடுகடத்தலை எதிர்கொண்டார். தெளிவான குடியேற்ற விளைவுகளைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது குற்ற வழக்கறிஞரின் அரசியலமைப்புக் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு குற்ற வழக்கறிஞர்கள் குடியேற்ற வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்பது அங்கே அன்றாட நடைமுறையாகிவிட்டது.

வழக்கறிஞரின் தவறால் என் வழக்கு தோற்றுவிட்டது. இனி ஏதாவது வழி உண்டா?

சில சூழல்களில் உண்டு. அமெரிக்காவில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1988-இல் லொசாடா என்ற வழக்கில் வகுத்த நிபந்தனைகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன: வழக்கறிஞருடன் செய்துகொண்ட ஏற்பாட்டையும் அவர் தவறியதையும் விவரித்துப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும், குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும், ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் செய்திருக்க வேண்டும், இல்லையெனில் ஏன் செய்யவில்லை என்று விளக்க வேண்டும். அத்தவறால் வழக்கின் முடிவு பாதிக்கப்பட்டது என்றும் காட்ட வேண்டும். இதற்கும் காலக்கெடு உண்டு என்பதால், புதிய வழக்கறிஞரை உடனே அணுக வேண்டும்.

பழைய வழக்கறிஞரிடமிருந்து கோப்பை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். கட்டணத் தகராறு இருந்தாலும் உங்கள் மூல ஆவணங்களை அவர் எந்த அளவுக்கு நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு ஒவ்வோர் இடத்திலும் விதிகள் உள்ளன. ஒழுங்குமுறை அமைப்பில் கேட்டால் சொல்வார்கள். ஏமாற்றியவர் வழக்கறிஞரே அல்லர் என்று பின்னர் தெரியவந்தால், இந்த வழிகள் பெரிதும் சுருங்கிவிடும். புகார் செய்ய ஒழுங்குமுறை அமைப்பு இருக்காது. காவல்துறையையும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தையும்தான் நாட வேண்டும். அந்நிலையிலும் செலுத்திய பணத்துக்கான ரசீதுகளையும், அவருடன் பரிமாறிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்தால், புதிய வழக்கறிஞருக்குத் தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கும்.